முப்பத்தொன்பதாம் சனல்

முப்பத்தெட்டு சனலுக்குப் பிறகு
பௌமி முதலாளியிடம் ஒரு மொடியுலேட்டர் மிஞ்சியது.
அதில் நீலத்திரை போட்டு
கடை நம்பரை ஓடவிட்டார்.
தலவாக்கலையில் அதையும் பார்த்தார்கள்.

ஒரு நாள் விளையாட்டாய்,
கலிஸ்டஸ் ரேடியோ திருத்தும் மேசைக்கு மேலே
கலியாண வீடியோ கேமரா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம்.
முகம் இல்லை. இரண்டு கை,
ஈயம் உருகும் புகை,
வயிறு திறந்த ஒரு பெட்டி.
ஆறு மணிக்குள் பன்னிரண்டு போன்.
"அந்தச் சிவப்பு வயர் எங்க போகுது?"
சனலின் வரலாறு என்று யாராவது கேட்டால்
அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுதவேண்டும்.

என்னை எடுத்தது குரலுக்கு.
புஸல்லாவையிலிருந்து வந்தவள்,
ஆறு மாத கம்ப்யூட்டர் டிப்ளோமா,
நாளுக்கு முந்நூற்றைம்பது ரூபா.
மவுஸ் என்றால் என்ன, ஃபோல்டர் என்றால் என்ன,
மின்னஞ்சலுக்கு முத்திரை ஏன் வேண்டாம்.
"பதிவிறக்கம்" என்று புத்தகத் தமிழில் சொன்ன அன்று
மேற்பிரிவிலிருந்து ஒரு பெண் பதறி எடுத்தாள்:
"யாரைங்க பதிவுல இருந்து இறக்கிட்டாங்க?"
பேர் பதிந்தால்தான் வேலை.
வேலை இருந்தால்தான் காம்பரா.
மறுநாளிலிருந்து டவுன்லோட் என்றே சொன்னேன்.

சந்தாப் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பார்த்தவர்கள் அதைப்போல் ஐந்து மடங்கு.
ஒரு காம்பரா காசு கட்டினால்
லயம் முழுக்க ஓடும்;
பிளேடால் சீவி, நூலால் இறுக்கி,
மழைக்கு ஷொப்பிங் பேக் சுற்றிய வயர்கள்.
கலிஸ்டஸ் ஒரு வெள்ளிக்கிழமை
முழு நிகழ்ச்சியே செய்தான்:
களவு கனெக்‌ஷனைச் சரியாகக் கொடுப்பது எப்படி.
முதலாளி மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் சொன்னார்,
"படம் இப்ப கிளியர்தான்."

சித்திரை இடி பதினொரு அம்ப்ளிஃபயரைத் தின்றது.
துரை கடிதம் போட்டார்:
சவுக்கு மரம் கம்பெனிச் சொத்து,
ஆணி அடித்தது குற்றம்.
பிறகு கம்பளைப் பாட்டு சனல்காரர்கள்
கூட்டு என்று வந்தார்கள்.
கூட்டு என்றால் மாலை அவர்களுக்கு,
காலை எங்களுக்கு,
அதாவது கொழுந்தெடுக்க எல்லாரும் மலையேறிய பின்.
அந்தக் காலையிலும் கடைசியில்
முதலாளியின் மருமகன் கார் ரேஸ் விளையாடினான்.
அவன் எடுத்த புள்ளிகளை நான் வாசித்தேன்.

தகரக் கூரைகளில் தட்டுகள் முளைத்தன,
எல்லாம் வானத்தில் ஒரே இடத்தைப் பார்த்தபடி.

வயரைக் கழற்ற ஆள் கூலி கட்டாது என்றார் முதலாளி.
கலிஸ்டஸ் கேமராவைப் போட்டான்.
கறுப்புத் தோலை உரிப்பது எப்படி,
வலையைத் தள்ளுவது எப்படி,
உள்ளே செம்பு எங்கே,
ஹட்டனில் கிலோ என்ன விலை.
"காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டினா
மேல பூச்சுதான் செம்பு, உள்ள இரும்பு.
அதை ஏமாந்து சுமக்காதீங்க."

அரை மணியில் போன்கள்.
படம் போச்சு என்று யாரும் முறையிடவில்லை.
"நம்ம பக்கம் வெட்டியாச்சு."
"இங்கயும்."
"எங்களுக்கு இரும்புதாங்க."
சுவரிலிருந்த லைன் படத்தில்
ஒவ்வொரு பிரிவாக நான் அடித்துக்கொண்டு வந்தேன்.

மிஞ்சியது ஒரே கோடு,
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.
இரவு பத்துக்கு அங்கிருந்து ஒரு குரல்.
பேர் சிவனு, ஸ்டோர் காவல்.
"அந்த மேசையில எல்லாத்தையும் தொறந்து காட்டிட்டீங்க தம்பி.
காட்டுற பெட்டிய மட்டும் தொறக்கலியே."

கலிஸ்டஸ் என்னைப் பார்த்தான்.
ஸ்டூலில் ஏறினான்.
திரையில் ஒரு பெருவிரல்,
ஒழுகிய சீலிங்,
ஒரு கணம் நான்,
ஐந்து வருடத்தில் முதல்முறை முகத்தோடு.
பிறகு நீலம்.

மைக் மட்டும் ஓடியது.
"இது லென்ஸ்," என்று சொல்லிக்கொண்டிருந்தான்,
"இதுக்குப் பின்னால..."
சிவனு போனை வைக்கவில்லை.